கேபிள் டிவியின் நிகழ்ச்சி அட்டவணையை எழுதுவது யார்?

விரும்பும் சானல்களை 2019 ஜனவரி 31-ஆம் தேதிக்குள் கேபிள்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும் என்ற அறிவிப்பு வெளியான நாள் முதற்கொண்டு, உறையூரிலிருந்தும் தில்லைநகரிலிருந்தும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலிருந்தும் வந்து குவிந்த வாசகர் கடிதங்களில், பணக் கவலைக்கும் மேலாகத் தென்பட்டது ஒரு சந்தேகம்: ரிமோட்டில் 'கைடு' பொத்தானை அழுத்தினால் திரையில் விரியும் அட்டவணையை நம்பி முடிவு செய்யலாமா?

நம்பலாம் என்று தோன்றும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளைப் படித்தால். பக்தி, செய்தி, விளையாட்டு முதலாக ஒன்பது வகைகளாகச் சானல்களைப் பிரித்து, ஒரே வகையில் ஒரே மொழிச் சானல்களை அடுத்தடுத்து வைக்க வேண்டும், ஒருமுறை கொடுத்த எண்ணை ஒரு வருஷத்துக்கு மாற்றக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்து விதிகள் சொல்வது உண்மையே. ஆனால் விதி எழுதப்பட்டிருப்பது டில்லியில். அட்டவணை எழுதப்படுவதோ கேபிள் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில்.

சானலின் எண் சானலோடு பிறந்ததன்று. வானிலிருந்து இறங்கும் ஒளிபரப்பைக் கம்பியில் ஏற்றும்போது, இன்ன சானலுக்கு இன்ன எண் என்று கண்ட்ரோல் ரூமில் ஒருவர் பதிவு செய்ய, அந்தப் பட்டியல் படத்தோடும் ஒலியோடும் சேர்ந்தே ஓடிவந்து நம் வீட்டுப் பெட்டியை அடைகிறது. பெட்டிக்குச் சுயபுத்தி கிடையாது, சொன்னதை அப்படியே காட்டும். நேற்று 105-இல் இருந்த சானல் இன்று 640-க்குப் போய்விட்டதென்றால், வீட்டில் யாரும் ரிமோட்டைத் தவறாக அழுத்தியதால் அன்று, பட்டியலில் ஒரு வரி மாறியதால்தான். பெட்டியைப் போட்டதும் முதலில் எந்தச் சானல் தோன்ற வேண்டும் என்பதும் இவ்விதமே அங்கிருந்து நிர்ணயமாகிறது. அந்த முதலிடத்தை வைத்துப் பார்வையாளர் கணக்கைப் பெருக்கிக் காட்டுவதைத் தடுக்கத்தான் 2018 டிசம்பரில் டிராய் ஓர் உத்தரவு பிறப்பித்தது.

நேரத்தின் கதை இதைவிட விசித்திரமானது. கம்பியில் வரும் நிகழ்ச்சி நேரங்கள் யாவும் உலகப் பொது நேரத்தில் வருபவை; அதோடு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள் என்று பெட்டிக்குச் சொல்வதற்கு வேறொரு சிறு அட்டவணை உண்டு. அந்த ஒரு வரியைக் கண்ட்ரோல் ரூமில் சரிவர அமைக்காமல் விட்டால், விடியற்காலை 5 மணி நிகழ்ச்சி முந்தின இரவு 11.30 என்று திரையில் நிற்கும். 2018 டிசம்பர் 18-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின மாலை, பரமபத வாசல் திறப்பு நேரடி ஒளிபரப்பு நள்ளிரவுக்கு முன்னரே என்று அட்டவணையில் கண்டு திகைத்ததாக, படுக்கையை விட்டு எழ இயலாத ஒரு முதியவர் ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். வாசல் திறப்பது விடியலுக்கு முன் என்பது அவ்வூரில் குழந்தைக்கும் தெரியுமாதலால் அவர் ஏமாறவில்லை. வேறு நிகழ்ச்சியாயிருந்தால் ஏமாந்திருப்பார். பெட்டியின் கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தரை மணி பேதமிருந்தால் குற்றம் உங்கள் பெட்டியினுடையதன்று, கம்பெனிக்குப் புகார் செய்யுங்கள். இந்த ஒரு வரியைக்கூடச் சரிபார்ப்பாரில்லாத இடத்தில், எண்ணும் விலையும் மட்டும் பிழையின்றி இருக்குமென்ற அதிகாரபூர்வ நம்பிக்கையை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பெட்டியை மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை.

அடிப்படைக் கட்டணம்? 2019-இல் 100 சானல்களுக்கு 130 ரூபாயாக இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சானல்கள் தனி.

விலையை எங்கே பார்ப்பது? 999-ஆம் எண்ணில்.

நிகழ்ச்சிப் பெயர் தமிழில் வராதது ஏன்? கண்ட்ரோல் ரூமில் தமிழில் பதிவு செய்திருக்கவும் வேண்டும், பெட்டியில் தமிழ் எழுத்துரு இருக்கவும் வேண்டும்.

கேபிள்காரரிடம் கொடுக்கும் பட்டியலில் எண்களை எழுதாதீர்கள். சானல்களின் பெயர்களை எழுதி, ஒரு பிரதியில் கேபிள்காரரின் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.