உப்பும் வெள்ளியும்: தீவகச் சூழலிற் பிலிம் ஒளிப்படக்கலை

ஒளிப்படக்கலை பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் கமராவிலே தொடங்கிக் கமராவிலேயே முடிவடைகின்றன. அக்கலையின் மறுபாதியாகிய படங்கழுவுதல் கடைக்காரரின் வேலையென விட்டுவிடப்படுகிறது. ஆனால் எது எவ்வளவு காலம் நிலைக்கும், எது சில ஆண்டுகளில் மங்கி மறையும் என்பதனைத் தீர்மானிப்பது அந்த மறுபாதியே. பிலிமிற் படமெடுத்துத் தாமே கழுவிக்கொள்ளும் பொழுதுபோக்கினை ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய யாழ்ப்பாணத் தீவகப் பகுதிகளின் சூழலோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாடநூல்கள் கூறும் முறைகள் தடையின்றி ஓடும் குழாய்நீரையும் 20 பாகை செல்சியசு வெப்பநிலையையும் அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டவை. வெண்மணலும் முருகைக்கல்லும் உவர்நீரும் சூழ்ந்த தீவுகளில் அவற்றை அப்படியே பின்பற்றுதல் இயலாது. எனவே முறையை மனனஞ்செய்வதிலும் அதன் காரணத்தை அறிந்துகொள்வதே பயனுடையது.

1. வரலாற்றுப் பின்னணி

வெள்ளியின் உப்புக்கள் ஒளிபட்டுக் கருகும் என்பது பழைய அறிவு. ஒளி பதிந்த பின்னர், எஞ்சிய வெள்ளியுப்பு மேலும் கருகாது தடுப்பதே கடினமாயிருந்தது. ஆங்கிலேயரான தல்பொற் தொடக்கத்திற் செறிந்த கறியுப்புக் கரைசலைக் கொண்டே தமது படங்களை ஓரளவு நிலைநிறுத்தினார். சோடியந் தயோசல்பேற்று வெள்ளியுப்புக்களைக் கரைக்கும் என 1819 இல் ஹேர்ஷல் கண்டறிந்திருந்தார். 1839 இல் அது ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தப்பட்டது. ‘ஹைப்போ’ என இன்றும் வழங்கும் பொருள் இதுவே.

இக்கலை நம்மிடையே குடியேற்ற ஆட்சியின் கருவியாகவே வந்து சேர்ந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராயிருந்த லினேயஸ் திரைப் 1858 இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுக்களை 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே சுருளாக அவர் அமைத்தமை சாசனவியல் வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. இலங்கையில் ஸ்கீன், ஸ்கோவன், 1890 இல் தொடங்கிய பிளாத்தே முதலிய நிறுவனங்கள் தேயிலைத் தோட்டங்களையும் கோயில்களையும் மனிதரையும் படமாக்கி விற்றன. அவற்றுள் மனிதர் பெரும்பாலும் பெயரற்றவர். ‘தமிழ்ப் பெண்’, ‘தோட்டத் தொழிலாளி’ என்னும் வகைப்பெயர்களாலேயே சுட்டப்பட்டனர். படத்தை எடுத்தவர், அச்சிட்டவர், வாங்கியவர் ஆகிய எவரும் படத்தில் உள்ளவரின் சமூகத்தைச் சார்ந்தவர் அல்லர்.

இந்நிலையிலிருந்து வேறுபட்ட முயற்சியென லயனல் வென்ற் (1900–1944) அவர்களின் பணியைக் கூறலாம். கொழும்பின் வசதிபடைத்த குடும்பத்தவரான அவர், இருட்டறை வேலையையும் தாமே மேற்கொண்டு மீனவரையும் உழைப்பாளரையும் கலைப்பொருளாகக் கண்டார். அவர் மறைந்த பின்னர் அவருடைய எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டுவிட்டன, அச்சுப்படிகளே எஞ்சின. மூலத்தை இழத்தல் எத்தகையது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. ஒரு படியிலிருந்து இன்னொரு படி எடுக்குந்தோறும் நுண்விவரம் குறையும். எதிர்ப்படம் கையிலிருந்தால் எத்தனை தலைமுறைக்குப் பின்னரும் முதற்படிக்கு நிகரான படியைப் பெறலாம்.

2. தீவகத்தின் ஒளி

மேகமற்ற வெயிலில் வில்லைத் துளையை 16 என்னும் எண்ணில் வைத்து, பிலிமின் விரைவெண்ணை வினாடியின் பின்னமாகக் கொள்ளுதல் பழைய விதி. 100 விரைவுள்ள பிலிமுக்கு 1/125 வினாடி போதும். ஆனால் நெடுந்தீவின் வெண்மணலிலும் முருகைக்கல் மதில்களிலும் கடற்பரப்பிலும் தெறிக்கும் ஒளி மிகுதியானது. அங்கே துளையை 22 ஆகக் குறைத்தல் தகும்.

ஒளிமானியை நம்புவோர் இன்னொரு செய்தியையும் அறிதல் வேண்டும். ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். வெண்மணல் நிறைந்த காட்சியில் அது ஒளியைக் குறைக்கச் சொல்லும். அதன்படி செய்தால் மணல் சாம்பலாகும், அம்மணலில் நிற்கும் கரிய மேனியரின் முகம் விவரமற்ற நிழலாகும். ஆதலின் முகத்தின் அருகிற் சென்று அளந்து, கரிய நிறத்துக்கு ஏற்ப ஒரு படி குறைத்துக்கொள்ளலே நேரிய முறை. எதிர்ப்படத்தில் நிழற்பகுதிக்குப் போதிய ஒளி கிடைத்தல் இன்றியமையாதது. அங்கே பதியாத விவரத்தை எந்த இரசாயனமும் பின்னர் தோற்றுவிக்காது. மஞ்சள் வடிகண்ணாடி நீலவானைச் சற்றுக் கருமையாக்கி முகிலையும் பனைமுடியையும் பிரித்துக் காட்டும்.

முகத்தின் நிறம் வெறும் தொழில்நுட்பச் சிக்கலன்று. வண்ணப்படம் அச்சிடும் நிலையங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்குக் கொடாக் நிறுவனம் வழங்கிய மாதிரிப் படங்கள் நீண்டகாலம் வெள்ளையினப் பெண்ணின் முகத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தன. நம்மூர் ஸ்ரூடியோக்களிற் கரிய முகத்தை வெளுப்பாக்கித் தருதலே ‘நல்ல படம்’ எனப் பெயர்பெற்றதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். தானே கழுவி அச்சிடுபவர் இவ்வளவுகோலை மறுக்கும் உரிமையைப் பெறுகிறார்.

3. கழுவுதலின் படிமுறை

ஒளிபட்ட பிலிமிற் கண்ணுக்குப் புலப்படாத உரு பதிந்திருக்கும். உருத்துலக்கி, ஒளிபட்ட வெள்ளி புரோமைட்டுத் துணிக்கைகளைக் கறுப்பு வெள்ளியாக மாற்றும். மென்மையான அசற்றிக்கமிலக் கரைசல் அவ்வினையை நிறுத்தும். ஹைப்போ எஞ்சிய வெள்ளியுப்பைக் கரைத்து அகற்றும். இறுதியாக நீர் அந்த ஹைப்போவை அகற்றும். பிலிமைச் சுருளிற் கோத்துத் தொட்டியில் இடும் சில நிமிடங்களுக்கு மட்டுமே முழு இருள் வேண்டும். நிலவில்லாத இரவில் யன்னலை மறைத்த ஓர் அறை அதற்குப் போதும்.

நெடுங்காலம் தரமாகக் கொள்ளப்பட்ட உருத்துலக்கியான டி-76 இன் சேர்க்கை எளியது. ஒரு லீற்றர் நீரில் மெற்றோல் 2 கிராம், சோடியஞ் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். ஆயினும் இது 20 பாகையில் அளவிடப்பட்டது. வெப்பம் ஏற வினையின் வேகம் ஏறும். 20 பாகையில் 8 நிமிடம் வேண்டிய பிலிமுக்கு 27 பாகையில் ஏறத்தாழ 4 நிமிடம் போதும். 5 நிமிடத்திலும் குறைந்த நேரத்தில் உருத்துலங்கல் சீரற்றதாகும். இதற்கு இரு வழிகள் உள. கரைசலுக்குச் சம அளவு நீர் சேர்த்து வினையை மெதுவாக்குதல் ஒன்று. மண்பானையிற் குளிர்ந்த நீரைப் பயன்படுத்துதல் மற்றொன்று. வாடைக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. சோளகக் காலத்தில் மணற்றூசு ஈரமான பிலிமில் ஒட்டிக்கொள்ளும்.

வெப்பத்தின் இன்னொரு தீங்கு செலற்றின் படலம் ஊதிப் பெருத்து மென்மையாதல். அந்நிலையில் நகம் பட்டாலும் கீறும். எல்லாக் கரைசல்களும் ஒரே வெப்பநிலையில் இருப்பின் படலம் சுருக்கம் விழாது தப்பும். வெப்ப நாடுகளுக்கெனக் கொடாக் வகுத்த டிகே-15 என்னும் உருத்துலக்கியிற் சோடியஞ் சல்பேற்று சேர்க்கப்படுவது இவ்வூதலைத் தடுக்கவே.

இவ்விரசாயனங்கள் கிடைத்தற்கு அரியனவாயின், 1995 இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் தொழினுட்ப நிறுவனத்திற் பரிசோதிக்கப்பட்ட கோப்பித் துலக்கியைக் கருதலாம். பிற்காலத்திற் பரவிய அதன் திருத்திய சேர்க்கை ஒரு லீற்றர் நீரில் நீரற்ற சலவைச்சோடா 54 கிராம், உயிர்ச்சத்து சி 16 கிராம், உடனடிக் கோப்பித்தூள் 40 கிராம் என்பதாகும். 20 பாகையில் 15 நிமிடம் வேண்டும். கோப்பியிலுள்ள பீனோலிக் சேர்வைகளே இங்கு உருத்துலக்குகின்றன.

4. நீர்: தீவகத்தின் தலையாய சிக்கல்

தீவகத்தின் நிலத்தடி நன்னீர், சுண்ணக்கல்லினூடே இறங்கிய மழைநீர் கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை போன்ற படையாகும். மிகுதியாக இறைத்தால் உவர்நீர் மேலேறிவிடும். இத்தகைய இடத்தில், பாடநூல் கூறுமாறு அரைமணி நேரம் ஓடும் நீரிற் கழுவுதல் பொருத்தமற்றது மட்டுமன்று, பொறுப்பற்றதுமாகும்.

இல்போர்ட் நிறுவனம் பரிந்துரைக்கும் முறை இங்கு உதவும். தொட்டியில் நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்தி ஊற்றிவிடுக. மீண்டும் நிரப்பி 10 முறை. மூன்றாவதாக 20 முறை. ஒரு சுருளுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரே செலவாகும். ஹைப்போ பரவல் மூலமே படலத்திலிருந்து வெளியேறுகிறது. எனவே ஓடும் நீரினும் மாற்றப்படும் நீரே முக்கியம்.

இதனினும் வியப்பான உண்மை ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கப்பல்களில் நன்னீர் அரிதாயிருந்தமையாற் கொடாக் ஆய்வாளர் கடல்நீரிற் படங்கழுவுதலை ஆராய்ந்தனர். கடல்நீர் நன்னீரிலும் விரைவாக ஹைப்போவை அகற்றுவது அப்பொழுது தெளிவாயிற்று. செலற்றினோடு பிணைந்திருக்கும் தயோசல்பேற்று அயன்களைக் கடல்நீரின் உப்பு அயன்கள் இடம்பெயர்ப்பதே காரணம். இன்று விற்கப்படும் ஹைப்போ நீக்கிகள் இவ்வறிவின் வழிவந்தவை. எனவே துணியில் வடித்த கடல்நீரில் முதலிற் கழுவி, பின்னர் இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசினாற் போதும். இறுதி அலசலைத் தவிர்த்தலாகாது. எஞ்சும் உப்பு ஈரத்தை ஈர்த்து வெள்ளியை அரிக்கும்.

உருத்துலக்கியைக் கலக்கக் கடல்நீரோ வன்மையான கிணற்றுநீரோ ஆகாது. சலவைச்சோடாவோடு சேர்ந்து சுண்ணாம்பு வெண்பொடியாகப் படியும். சேமித்த மழைநீரே சிறந்தது. கடைசி அலசலுக்கும் மழைநீரைப் பயன்படுத்தினாற் காய்ந்தபின் வெண்புள்ளிகள் தோன்றா. பயன்படுத்திய ஹைப்போவிற் கரைந்த வெள்ளி இருப்பதால் அதனைக் கிணற்றடியிற் கொட்டுதல் கூடாது. இரும்புக் கம்பித் தும்பை அதில் ஊறவிட்டால் வெள்ளி அதன்மேற் படிந்து பிரியும்.

5. பேணுதல்

படம் மங்குவதற்குக் காலம் மட்டும் காரணமன்று. நன்கு கழுவப்படாத ஹைப்போ சிதைந்து வெள்ளியை மஞ்சட்பழுப்பான சல்பைட்டாக மாற்றுவதே பல படங்களின் அழிவுக்கு ஏது. அடுத்த பகை ஈரம். செலற்றின் விலங்குப் புரதமாதலாற் பூஞ்சணம் அதனை உண்ணும். பூஞ்சணம் பிடித்த எதிர்ப்படத்தை நீரிற் கழுவ முயல்வது பெருந்தவறு. அச்செலற்றின் நீரிற் கரையுந் தன்மையடைந்திருக்கும், உருவும் உடன்கரையும். மூன்றாவது, பிலிமின் அடித்தளமான செலுலோசு அசற்றேற்று வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து வினாகிரி மணம் வீசுதல். அம்மணம் வீசும் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்தல் வேண்டும். பொலித்தீனில் இறுகக் கட்டி அலுமாரியில் வைத்தலினும் காகித உறையில் இட்டு, நன்கு வறுத்து ஆறவைத்த அரிசி முடிப்போடு தகரப் பெட்டியில் வைத்து, அரிசியை அடிக்கடி மீள வறுத்துக்கொள்ளல் நன்று.

6. எதற்காக?

எண்மக் கமராவும் கைத்தொலைபேசியும் எங்கும் பரவிய இக்காலத்தில் இவ்வளவு உழைப்பு எதற்கு என்னும் வினா நியாயமானதே. கொடாக் நிறுவனம் 2012 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. உதகமண்டலத்தில் 1960களில் உருவாகி ‘இந்து’ என்னும் பெயரிற் பிலிம் வழங்கிய அரசுத் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. புதிய பிலிமின் விலை மாணவருக்கு எளிதன்று. எனினும் இவ்வறிவு தேவைப்படுவதற்குத் தீவகத்திற் குறிப்பான காரணங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, கல்லில் எழுதப்பட்டவை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்பதும், யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும், பிற சரக்கேற்றிய கலமாயின் பாதிப்பாதி என்பதும் அதன் செய்திகள். ஊர்காவற்றுறையின் வணிகச் சிறப்பைக் காட்டும் இத்தகைய கல் உப்புக்காற்றிலே தேய்வது இயல்பு. நேர்முன்னே மின்னொளி பாய்ச்சி எடுத்த படத்தில் எழுத்து மறையும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலிலோ, கண்ணாடி கொண்டு பக்கவாட்டிற் செலுத்திய வெயிலிலோ அளவுகோலுடன் எடுத்தால் ஒவ்வொரு கீறலும் நிழலோடு எழும். மைப்படி காட்டாத கல்லின் சிதைவையும் படம் காட்டும்.

இரண்டாவது, மனிதர். 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை ஒவ்வொருவரின் முகத்தையும் அரசின் தேவைக்காகப் படமாக்கிற்று. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகிற் பயணிகள் கொல்லப்பட்டனர். 1990 இல் தீவகம் இராணுவத்தின் வசமானபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீட்டோடு அல்பங்களும் கைவிடப்பட்டன. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்று போராட்டங்களில் ஏந்தி நிற்பது ஒரு படத்தைத்தான். அப்படம் பெரும்பாலும் அடையாள அட்டைக்கோ பாடசாலைக்கோ எடுக்கப்பட்டதன் படியின் படி. அவற்றின் எதிர்ப்படங்கள் எங்கேனும் ஸ்ரூடியோப் பெட்டிகளில் எஞ்சியிருக்குமாயின் அவை குடும்பச் சொத்து மட்டுமன்று, சான்றுமாகும். வினாகிரி மணத்தையும் பூஞ்சணத்தையும் இனங்காணத் தெரிந்தவரே அவற்றைக் காக்க வல்லவர். குடும்பத்தின் இசைவோடு அவற்றைப் படியெடுத்து, 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ம நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களிற் சேர்த்தல் அடுத்த படி.

ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பிற் சுற்றுலா விடுதியாக உள்ளது. நெடுந்தீவின் குதிரைகளும் முருகைக்கல் மதில்களும் சுற்றுலாப் படங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. அழகுக் காட்சிகளுக்குக் குறைவில்லை. குறைவது, தீவக மக்கள் தம்மைத் தாமே பெயரோடு பதிவுசெய்து வைத்த படங்களே. ஒவ்வொரு எதிர்ப்பட உறையின்மேலும் நாள், இடம், படத்திலுள்ளவரின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைத்தல் இரசாயனம் ஏதும் வேண்டாத வேலை. குடியேற்றக் காலப் படங்கள் செய்யாது விட்டதும் அதுவே. பல்கலைக்கழக மாணவர் தத்தம் ஊர்களில் இப்பணியை முதலில் தொடங்குதல் தகும்.