ஒட்டிய தோலும் பச்சிலை மருந்தும்



ரப்பர் நாற்றுக்கு ஒட்டுக் கட்டுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நல்ல மரத்தின் மொட்டுப் பட்டையை நாற்றில் வைத்துக் கட்டிவிட்டால், சுமார் மூன்று வாரம் யாரும் அதைத் தொடமாட்டார்கள். பிறகு சுரண்டிப் பார்த்தால் பச்சையாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் ஒட்டு பிடிக்கவில்லை என்று பொருள்.

தீக்காயத்தாலோ இயந்திரத்தில் சிக்கியோ தோலை இழந்தவர்களுக்கு மருத்துவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவிப் புண்ணின்மேல் பரப்புவது ஒரு முறை. எலும்பு தெரியும் ஆழமான காயமானால், இரத்தக் குழாயோடு கூடிய தோல்மடலையே பொருத்துவார்கள். இது நேற்று வந்த வித்தையன்று. புனே நகரில் நெற்றித் தோலைக் கொண்டு ஒருவருக்கு மூக்கு அமைத்த செய்தியை 1794-இல் லண்டன் இதழ் ஒன்று வெளியிட்டது. அதன் பிறகே இங்கிலாந்து மருத்துவர்கள் இம்முறையைக் கைக்கொண்டார்கள்.

மடலை இடம் மாற்றும்போது சில வேளை இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அது ஒரு கேடு. இரத்தம் திரும்பி வரும்போதும் ஒரு கேடு உண்டு! நின்றுபோன குழாயில் தண்ணீர் மறுபடி வரும்போது, முதலில் துருநீர் சீறிவருகிறதல்லவா? அதுபோல, பிராணவாயு திடீரெனப் பாயும்போது தீய இரசாயனப் பொருள்கள் உண்டாகி உயிரணுக்களைத் தாக்குகின்றன. நுண்குழாய்கள் வீங்கி அடைபடுகின்றன. ஒட்டிய தோல் கறுத்துப்போகிறது.

இதைத் தடுக்க மூலிகை உதவுமா? மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் சத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், தோல்மடல் கூடுதலாகப் பிழைத்தது. மலாய்க்காரர் ‘பெகாகா’ என்று உண்ணும் நம் வல்லாரைக்கும் புண்ணை ஆற்றும் குணம் உண்டென்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எலிக்கு நன்மை செய்தது மனிதருக்கும் செய்யும் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆய்வில் கொடுப்பது பிரித்தெடுத்து அளந்த சத்து. நாம் அரைப்பதோ மண்ணில் முளைத்த இலை.

ஆகவே, “பாட்டி சொன்ன பச்சிலைதானே” என்று ஒட்டிய தோலின்மேல் எதையும் பூசாதீர்கள். இலையோடு கிருமியும் சேரும், கட்டும் அசையும். கறியில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. ஆனால் பூண்டு, ஜின்செங், கிங்கோ மாத்திரைகளும் சீனக் கடையில் வாங்கும் ‘டான்சென்’ வேரும் இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும். அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும்.

நம் கையில் இருக்கும் பெரிய மருந்து வேறொன்று: புகையை விடுவது. சுருட்டானாலும் சிகரெட்டானாலும் இரத்தக் குழாயைச் சுருக்கும். அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பும் புண் ஆறும்வரையும் அதைத் தொடக்கூடாது.

மடல் வெளுத்துக் குளிர்ந்தால் இரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்து வீங்கினால் வெளியே போகவில்லை. நமது கறுத்த தோலில் நிறமாற்றம் எளிதில் தெரியாது. ஆகையால் குளிர்ச்சியையும் வீக்கத்தையும் கவனியுங்கள். விடியட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே தாதியை அழையுங்கள். சில மணி நேரம் தாமதித்தாலும் தோல் போய்விடலாம்.

ஒட்டுக் கட்டிய நாற்றுக்குக் காட்டும் பொறுமையை, நேயர்களே, ஒட்டிய தோலுக்கும் காட்டுவோம்.