கடையில் விற்கிறார்கள் என்பதால் வீட்டில் வளர்க்கலாமா?

2019 ஜூன் மாதம் தலைநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டு ஜன்னல் வழியே கரடிக்குட்டி ஒன்று தலையை நீட்டிக் கத்தும் காட்சி நாடெங்கும் பரவியது. வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவான பெர்ஹிலித்தான் அதிகாரிகள் குட்டியை மீட்டனர். அதை வைத்திருந்த பாடகி கைது செய்யப்பட்டார். சாலையோரம் சோர்ந்து கிடந்ததை நாய்க்குட்டி என நினைத்துத் தூக்கி வந்ததாக அவர் கூறியதாகச் செய்திகள் வந்தன.

இரக்கப்பட்டு வளர்த்தாலும் குற்றமா? கடையில் பகிரங்கமாக விற்கும்போது வாங்குபவர் மீது மட்டும் ஏன் வழக்கு? செல்லப் பிராணிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் உள்ளது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள் உண்டு. 2010 சட்டம் பிராணிகளை இரண்டு பட்டியலாகப் பிரிக்கிறது.

முதலாவது, பாதுகாக்கப்பட்டவை. இவற்றை லைசென்ஸ் எடுத்து வளர்க்கலாம். இனிமையாகப் பாடும் 'முராய் பத்து' பறவை, பேசும் மலை மைனாவான 'தியோங் மாஸ்', நீண்ட வால் குரங்கு, மலைப்பாம்பு ஆகியவை இதில் அடங்கும். பல கிளி இனங்களுக்கும் லைசென்ஸ் வேண்டும். கடைக்காரரிடம் லைசென்ஸ் இருந்தால் போதாது. அவருடையது விற்பதற்கு, வளர்ப்பதற்கு உங்கள் பெயரில் தனியாக இருக்க வேண்டும். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

இரண்டாவது, முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை. புலி, தேன் கரடி, தேவாங்கு, 'உங்கா' எனப்படும் வாலில்லாக் குரங்கு போன்றவை இதில் வருகின்றன. இவற்றுக்குச் சாதாரண லைசென்ஸ் கிடையாது. அமைச்சரின் சிறப்பு அனுமதி தேவை. வீட்டில் ஆசைக்கு வளர்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"தோட்டத்தில் இருந்தபோது குரங்கும் மைனாவும் வளர்த்தோமே, அப்போது யாரும் கேட்கவில்லையே" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்போதும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனால், புலி சம்பந்தப்பட்ட குற்றத்திற்கே அதில் உச்ச அபராதம் 15,000 வெள்ளிதான். 2022இல் திருத்தப்பட்ட இன்றைய சட்டத்தில் கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

எல்லை தாண்டினால் வேறு கதை

ஜொகூர் பாருவில் 'சுகர் கிளைடர்' என்ற சிறு பிராணியை லைசென்ஸுடன் வளர்க்கலாம். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குள் கொண்டு போனால் குற்றம். அங்கே அனுமதிக்கப்பட்ட பிராணிகளின் பட்டியல் மிகச் சிறியது. நாய், பூனை, முயல், ஹாம்ஸ்டர், சில ஆமை வகைகள் என அது சீக்கிரம் முடிந்துவிடும். முள்ளெலி, பாம்பு, உடும்பைப் போன்ற இகுவானா எதற்கும் அங்கே அனுமதி இல்லை. விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குச் செல்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டின் நிலையும் நாம் அறிய வேண்டியதே. பிரிக்பீல்ட்ஸ் ஐந்தடியில் கிளி ஜோதிடம் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம்: இந்தியச் சட்டப்படி அந்நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம். 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், வேட்பாளர் ஒருவர் வெல்வார் என்று கிளியை வைத்துச் சொன்ன கடலூர் ஜோதிடரை வனத்துறை பிடித்தது செய்தியானது. அங்கே வெளிநாட்டுப் பறவைகள் வைத்திருப்பவர்களும் 2024இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிய வேண்டும்.

அதிர்ஷ்டம் தரும் என்று சிலர் தேடும் நட்சத்திர ஆமையும் அப்படித்தான். சென்னை விமான நிலையத்தில் கோலாலம்பூருக்குக் கடத்தப்படவிருந்த நட்சத்திர ஆமைகள் பலமுறை பிடிபட்டுள்ளன. 2019இல் அனைத்துலக ஒப்பந்தம் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பை வழங்கியது. நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, அருகிவரும் உயிரினத்தை அனுமதியின்றிக் கொண்டு வந்தால் ஓர் உயிருக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 7 ஆண்டு வரை சிறையும் உண்டு.

ஏன் இத்தனை கண்டிப்பு?

காட்டில் ஒரு கரடிக்குட்டியைத் தாய் தானாக விட்டுக்கொடுக்காது. பெரும்பாலும் தாயைக் கொன்றுதான் குட்டியைப் பிடிக்கிறார்கள். தேவாங்கின் கடியில் விஷம் உண்டு. அதனால் விற்பனைக்கு முன் அதன் பற்களை வெட்டிவிடுகிறார்கள். பல் போன தேவாங்கை மீண்டும் காட்டில் விட்டால் பிழைக்காது. கைப்பேசியில் நாம் ரசித்து விருப்பம் தெரிவிக்கும் படத்துக்குப் பின்னால் இருப்பது இந்த வேதனைதான்.

நமக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆமைகளைத் தொட்டுவிட்டுக் கை கழுவாத பிள்ளைகளுக்கு சால்மொனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு வரலாம். சின்னஞ்சிறு மலைப்பாம்பு சில ஆண்டுகளில் அடுக்குமாடி வீட்டில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடும்.

வாங்கும் முன் கவனியுங்கள்

பிராணியின் சரியான பெயரை முதலில் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி, லைசென்ஸ் வேண்டுமா என்று பெர்ஹிலித்தானிடம் விசாரியுங்கள். லைசென்ஸ் உள்ள கடையில் மட்டுமே வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ "பேப்பர் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தையையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுக்குமாடிகளில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி, மற்றவர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை அகற்றச் சொல்லி நிர்வாகம் நோட்டீஸ் கொடுக்கலாம். லைசென்ஸ் கையில் இருந்தாலும் இந்த விதி பொருந்தும்.

அடிபட்ட குட்டியோ பறவையோ கண்ணில் பட்டால் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு உடனே பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். அதன் தலைமையகம் கோலாலம்பூர் ஜாலான் செராஸில் இருக்கிறது. மாநிலங்களிலும் அலுவலகங்கள் உண்டு. பாம்பு வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழையுங்கள். வீட்டில் ஏற்கெனவே லைசென்ஸ் இல்லாத பிராணி இருந்தால், ஒளித்து வைக்காமல் நீங்களே முன்வந்து இலாகாவை நாடுங்கள். பயந்துபோய் இரவோடு இரவாகக் காட்டில் கொண்டு போய் விடுவதால் பிராணியும் பிழைக்காது, நோயும் பரவக்கூடும்.

பிள்ளை அழுகிறது என்பதற்காக ஓர் உயிரை வாங்கிவிடலாம். அது வாழும் காலமெல்லாம் அதற்கு இரையும் இடமும் கொடுக்க நம்மால் முடியுமா என்பதை வாங்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.