கவாத்துக்குப் பின் மா காய்ந்தால் இழப்பீடு கேட்கலாமா?

ஓசூர், சூளகிரி பக்கத்து மா விவசாயிகள் சிலர் கோடையில் என்னிடம் கேட்பது இதுதான்: "ஒப்பந்தக்காரர் கவாத்து செய்துவிட்டுப் போனார். மரம் காய்கிறது. இழப்பீடு கேட்க முடியுமா?"

கேட்கலாம். ஆனால், காய்ந்ததற்குக் கவாத்துதான் காரணமா என்பதை முதலில் பாருங்கள். அதே தோப்பில் வெட்டாமல் விட்ட மரங்களும் வாடியிருந்தால், தண்ணீர்ப் பற்றாக்குறையோ வேர் நோயோ இருக்கலாம். வெட்டிய மரங்கள் மட்டும் காய்ந்து, மற்றவை செழிப்பாக நின்றால் உங்கள் பக்கம் வலு உண்டு.

மாவில் கவாத்துக்கு ஏற்றது அறுவடை முடிந்த ஆகஸ்ட், செப்டம்பர். காய்ந்த, நோயுற்ற, குறுக்கே ஓடும் கிளைகளை எடுத்தாலே போதும். தழையில் கால் பங்குக்கு மேல் ஒரே தடவையில் போனால், நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். அங்கே தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும். வெட்டுவாய் வழியே பூசணம் நுழைந்து கிளை கருகும். வயதான தோப்பைப் புதுப்பிக்கப் பெரிய கிளைகளையே வெட்டும் முறையும் உண்டு. அதற்குப் பின்பராமரிப்பு கட்டாயம். மரத்துக்கு இவ்வளவு என்று பேசி எந்திர ரம்பத்தோடு வருபவருக்கு அதற்கு நேரம் ஏது?

காய்ந்த மரத்தை ஆத்திரத்தில் வெட்டிவிடாதீர்கள். வெட்டுவாய், பட்டை வெடிப்பு, துளையிலிருந்து கொட்டும் தூள், பக்கத்து மரம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். தோட்டக்கலைத் துறை அலுவலரை வரவழைத்து, பார்த்ததை எழுத்தில் கேளுங்கள். கூலி பேசிய வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய பதிவு இரண்டையும் அழிக்க வேண்டாம்.

உயிருள்ள மரத்தைக் காப்பதும் உங்கள் பொறுப்பு. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் கலந்த போர்டோ பசையை வெட்டுவாயில் பூசுங்கள். வெயில் படும் தண்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். துளையில் கம்பி விட்டுப் புழுவை எடுத்துக் களிமண்ணால் அடையுங்கள். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள்.

பிறகு, ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், பாதிப்பு நேர்ந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. 'இது வியாபாரத் தோப்பு, இவர் நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்யும் விவசாயம் என்பதைக் காட்டுங்கள். தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில், விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாள்கூலிக்கு ஆள் வைத்து, கூடவே நின்று நீங்களே சொல்லி வெட்டவைத்திருந்தால் வழக்கு நிற்பது கடினம்.

எல்லைப் பகுதிக்காரர்களுக்கு ஒன்று. ஒப்பந்தக்காரர் ஆனேக்கல்காரராகவோ அத்திப்பள்ளிக்காரராகவோ இருந்தாலும் கர்நாடகத்துக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். சந்தேகம் கேட்க உதவி எண் 1915.