ஒரு நாட்டின் கதையை எழுதுவோர் யார்?
குரோசியரின் இணையக் கலைக்களஞ்சியம் கற்பிக்கும் பாடம்

எமது பிள்ளைகளைப் பாடசாலையில் ஒரு நாட்டைப் பற்றியோ ஒரு போரைப் பற்றியோ எழுதிவரும்படி பணித்தால், நூலகத்துக்குச் செல்வதற்கு முன்னர் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தையே அவர்கள் திறந்து பார்க்கின்றனர். அங்கே காண்பதை அச்சில் வந்த நூலுக்கு நிகராக நம்பியும் விடுகின்றனர். பெற்றோராகிய நாமும் அவ்வாறே. அப்பக்கங்களை எழுதியவர் யார், எழுதியது சரியென்று பார்த்தவர் யார் என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது. அவ்வினா எழுப்பப்படாமற் போனால் என்ன நேரும் என்பதைக் குரோசிய நாட்டவர் பட்டு அறிந்திருக்கின்றனர். அவர்களுடைய கதையை எமது வாசகர்களும் அறிந்திருத்தல் நன்று.

போரும் ஏடும்

குரோசியா சிறிய நாடு. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 40 இலட்சத்துக்கும் குறைவானது. 1991 யூன் 25ஆம் நாள் யூகோசிலாவியாவிலிருந்து பிரிந்து சுதந்திரத்தை அறிவித்த அந்நாடு, அதே ஆண்டிலேயே பெரும் போருக்கு முகங்கொடுத்தது. டன்யூப் நதிக்கரையிலுள்ள வுக்கோவார் நகரம் 87 நாள் முற்றுகையின் பின்னர் நவம்பர் 18இல் வீழ்ந்தது. அந்நகர மருத்துவமனையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட 200 பேரின் உடல்கள் 1996இல் ஒரு புதைகுழியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. 1991 டிசெம்பர் 6ஆம் நாள் துப்ரோவ்னிக் நகரின்மீது பொழிந்த குண்டுகளால், அங்கிருந்த பல்கலைக்கழக மையத்தின் நூலகம் தீக்கிரையாகியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ணாற் கண்டவர்களுக்கு அச்செய்தியின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

இத்தகைய அழிவைக் கண்ட மக்கள் தமது வரலாற்றைத் தாமே எழுதிவைக்க விழைந்ததில் வியப்பில்லை. அவர்களிடம் கலைக்களஞ்சிய மரபும் இருந்தது. எழுத்தாளர் மிரொசிலாவ் கிர்லெசா 1950இல் சாகிரெப் நகரில் நிறுவிய அகராதியியல் நிறுவனம் யூகோசிலாவியக் காலம் முழுவதும் பெருந் தொகுதிகளை வெளியிட்டது. நாடு பிரிந்த பின்னர் அந்நிறுவனமே 1999 முதல் 2009 வரை குரோசியக் கலைக்களஞ்சியத்தைப் பதினொரு தொகுதிகளாக அச்சிட்டது. அவை ஊதியம் பெற்ற அறிஞர்களின் ஆக்கங்கள். 2003 பெப்ரவரியில் ஆரம்பமான குரோசிய மொழி விக்கிப்பீடியாவோ, ஊதியமெதுவும் பெறாத தொண்டர்களின் முயற்சி. மாணவர், ஆசிரியர், பொறியியலாளர், ஓய்வுபெற்றோர் என எவரும் அங்கே எழுதலாம், எவரும் திருத்தலாம்.

தொண்டர்களின் உழைப்பு

அவ்வுழைப்பு சாதாரணமானதன்று. அந்நாட்டில் நகரசபைகளும் ஊராட்சிகளுமாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளூராட்சி அமைப்புகள் உள்ளன. தீவுகளும் தீவுத்திட்டுகளும் பாறைகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கடலில் உள்ளன. ஊர்களுக்கும் தீவுகளுக்கும் பக்கம் திறந்து, சனத்தொகை, வரலாறு, தேவாலயங்கள், புகழ்பெற்ற மைந்தர் எனத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் பெயர் வெளியிடாத தொண்டர்களே. இன்று குரோசிய மொழியில் 2 இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. ஆங்கிலப் பதிப்பிலும் குரோசிய விடயங்களைச் செம்மைப்படுத்துவதற்கென ஒரு தொண்டர் அணி இயங்கிவந்திருக்கின்றது. குறுங்கட்டுரை, தொடக்கநிலைக் கட்டுரை, நல்ல கட்டுரை, சிறப்புக் கட்டுரை எனத் தரம் பிரித்து, எது முதலில் திருத்தப்படவேண்டும் என்று வரிசைப்படுத்தி அவர்கள் பணிசெய்கின்றனர்.

இப்பணியின் விதிகள் எளியவை: சொந்தக் கருத்தை எழுதலாகாது, எழுதுவதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் காட்டவேண்டும், பக்கச் சார்பு கூடாது. யார், எந்நேரம், எச்சொல்லை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் அப்படியே பதிவாகிவிடும். கருத்து வேறுபட்டால் உரையாடற் பக்கத்தில் வாதிடவேண்டும்.

வாதத்துக்கோ குறைவில்லை. மின்னியல் மேதை நிக்கோலா தெஸ்லா எந்த நாட்டவர் என்பது அவற்றுள் ஒன்று. அவர் 1856இல் பிறந்த சிமிலியான் கிராமம் இன்றைய குரோசியாவில் உள்ளது. அவர் பிறந்தபோது அது ஒஸ்திரியப் பேரரசின் பகுதி. பெற்றோர் சேர்பியர், தந்தையார் சேர்பிய மரபுவழித் திருச்சபையின் குரு. தெஸ்லாவோ அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூயோர்க்கில் 1943இல் மறைந்தார். இவரை எவ்வாறு குறிப்பிடுவது என்ற வாதம் முடிவின்றி நீண்டமையால், ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்கென்றே தனி உரையாடற் பக்கம் ஒன்றைத் திறக்கவேண்டியதாயிற்று. உரிமை கோருவோர் இருவரிடத்திலும் ஓரளவு உண்மை உண்டு. நேர்மையான தொண்டர், பிறந்த இடத்தையும் பெற்றோரின் இனத்தையும் பெற்ற குடியுரிமையையும் உள்ளவாறே எழுதிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றார்.

பற்று வழிதவறியபோது

ஆனால் குரோசிய மொழிப் பதிப்பில் நிலைமை வேறாயிற்று. அங்கே நிர்வாகிகள் எனப்படுவோருக்குப் பக்கங்களைப் பூட்டவும் பிறர் எழுதுவதைத் தடைசெய்யவும் அதிகாரம் உண்டு. குறைந்தது 2011 முதல் 2020 வரை, தீவிர தேசியவாதப் போக்குடைய ஒரு சிறு குழுவினர் அவ்வதிகாரத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். மறுத்து எழுதியோர் தடைசெய்யப்பட்டனர். பலர் மனம் சலித்து விலகினர். ஒரே ஆள் பல பெயர்களில் தோன்றிப் பெரும்பான்மை காட்டும் முறைகேடும் நிகழ்ந்தது.

விளைவு யாது? இரண்டாம் உலகப்போரின்போது, நாசிகளின் கூட்டாளிகளாகிய உசுத்தாசாக்கள் யாசெனோவாச் என்னுமிடத்தில் வதைமுகாம் ஒன்றை நடத்தினர். சேர்பியர், யூதர், ரோமா மக்கள், பாசிசத்தை எதிர்த்த குரோசியர் ஆகியோர் அங்கு கொல்லப்பட்டனர். நினைவகத்தின் பட்டியலில் இன்று 83,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அக்கொலைக்களம் குரோசிய விக்கிப்பீடியாவில், மக்களைச் சேர்த்துவைத்து வேலைவாங்கிய முகாம்போல வருணிக்கப்பட்டது. 1990களின் போர்க்குற்றங்களுக்காக அனைத்துலக நீதிமன்றம் தண்டித்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளிலும் குற்றங்கள் மழுப்பப்பட்டன.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். யூகோசிலாவிய ஆட்சிக்காலத்தில் அம்முகாமின் பலி 7 இலட்சம் வரை எனப் பெருக்கிச் சொல்லப்பட்டது. பெருக்குவதும் வரலாற்றுப் பிழையே. ஆயினும், ஒருவர் பெருக்கினார் என்பதற்காக மற்றவர் மறைக்கலாம் என்றாகாது.

2013 செப்ரெம்பரில் சாகிரெப் நாளேடுகள் இதனை வெளிப்படுத்தின. அப்போது கல்வி அமைச்சராயிருந்த செல்கோ யொவனொவிச், குரோசிய மொழி விக்கிப்பீடியாவை மாணவர்கள் நம்பவேண்டாம் என்று பகிரங்கமாக அறிவுறுத்தினார். சொந்த மொழியிலுள்ள கலைக்களஞ்சியத்தைத் தவிர்க்குமாறு சொந்த நாட்டு அமைச்சரே மாணவருக்குச் சொல்ல நேர்ந்தது எத்தகைய அவலம்!

அதன் பின்னரும் ஏழாண்டுகள் கழிந்தன. விட்டுப்போகாத தொண்டர்கள் சிலர் ஆதாரங்களைத் திரட்டி மீண்டும் மீண்டும் முறையிட்டனர். 2020இன் பிற்பகுதியில், முன்னணியிலிருந்த நிர்வாகி ஒருவர் எல்லா மொழிப் பதிப்புகளிலிருந்தும் விலக்கப்பட்டார். வேறு சிலரும் அதிகாரம் இழந்தனர். 2021 யூனில் விக்கிமீடியா நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை, நடந்தவற்றை விரிவாக ஒப்புக்கொண்டது. ஒரே மொழிப் பரப்பைச் சேர்ந்தோர் குரோசியம், சேர்பியம், பொசுனியம், சேர்போ-குரோசியம் எனத் தனித்தனிப் பதிப்புகளாகப் பிரிந்தமையால், ஒருவரையொருவர் திருத்தும் வாய்ப்பு அருகிப்போனதையும் அது எடுத்துக்காட்டியது. இன்று புதிய தொண்டர்கள் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டியிருக்கின்றது. பத்தாண்டில் புகுந்த பிழையைக் களைவது ஒருநாள் வேலையன்று.

எமக்கான பாடம்

குரோசியரின் துயரம் பொய்யன்று. வுக்கோவார் பொய்யன்று. ஆனால் தம் துயரத்தின் பெயரால் தம் பக்கத்துக் குற்றங்களை மறைக்க முற்பட்டபோது, அவர்களுடைய உண்மையான துயரத்தையும் பிறர் ஐயத்துடன் நோக்கும் நிலையை அச்சிறு குழுவினரே உருவாக்கினர். நாட்டுப்பற்று என்று எண்ணிச் செய்தது நாட்டுக்கே ஊறாக முடிந்தது. அதைக் கண்டித்து நிமிர்த்தியவர்களும் குரோசியரே என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழ் விக்கிப்பீடியாவும் அதே 2003ஆம் ஆண்டிலேயே தோன்றியது. ஈழத்தவர் பலர் தொடக்கம் முதலே அதில் உழைத்துவருகின்றனர். ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. எனினும் எமது ஊர்கள், பாடசாலைகள், கோயில்கள், தொழில்கள், இடப்பெயர்வுகள் பற்றி எழுதப்படாதவை இன்னும் ஏராளம். அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக எம்மைவிட்டுப் பிரிகின்றனர். விடுமுறை நாளொன்றில் பிள்ளையைக் கணினிமுன் இருத்தி, பாட்டனாரை அருகில் அமர்த்தினால் ஊரொன்றின் கதைக்கு அடி எடுத்துவைத்தவர்களாவோம். அவர் சொல்வதற்கு நூலிலோ பத்திரிகையிலோ ஆதாரம் தேடுவது பிள்ளையின் வேலையாகட்டும்.

எழுதும்போது எமக்கு உவப்பானதை மட்டும் எழுதாது, நடந்ததை எழுதுவோம். பிறர் திருத்தினால் சினவாது ஆதாரம் கேட்போம். எமது ஆதாரத்தையும் காட்டுவோம். அவ்வாறு எழுதப்பட்ட பக்கத்தை, நாளை எமது பேரப்பிள்ளைகள் எந்த நாட்டுப் பாடசாலையிலும் தயக்கமின்றி எடுத்துக்காட்டலாம்.