பால் பரிசோதனை: ஒரு நிமிடக் கருவி போதுமா, ஆய்வகம் வேண்டுமா?

மும்பை: தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் உட்பட நகரவாசிகள் நாள்தோறும் வாங்கும் பால் தரமானதா என்பதை அறிய இருவகைச் சோதனைகள் உள்ளன. ஒன்று, ஒளியைப் பயன்படுத்தும் விரைவுச் சோதனை. மற்றொன்று, ஆய்வகத்தில் நடைபெறும் வேதியியல் சோதனை.

பாலில் உள்ள கொழுப்பு, புரதம், லாக்டோஸ் ஆகியவை அகச்சிவப்புக் கதிரை வெவ்வேறு அலைநீளங்களில் உறிஞ்சுகின்றன. அதை அளந்து, சுமார் ஒரு நிமிடத்தில் விரைவுக் கருவி முடிவைத் தருகிறது. ஆய்வகத்திலோ, கந்தக அமிலம் சேர்க்கும் கெர்பர் முறையில் கொழுப்பும், 1883-இல் டென்மார்க்கில் உருவான கெல்டால் முறையில் புரதமும் கணக்கிடப்படுகின்றன.

இரண்டிலும் குறைகள் உண்டு. கெல்டால் முறை அளப்பது நைட்ரஜனை மட்டுமே. இதைப் பயன்படுத்தி, சீனாவில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் பாலில் கலக்கப்பட்டது. 2008-இல் அம்பலமான இம்மோசடியால் 6 குழந்தைகள் உயிரிழந்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

விரைவுக் கருவியோ, ஆய்வக முடிவுகளுடன் ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்யப்பட்டால்தான் சரியாக இயங்கும். மிக நுண்ணிய அளவிலான நச்சுகளும் அதற்குப் புலப்படுவதில்லை. பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 நச்சுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. இதை உறுதிசெய்ய ஆய்வகக் கருவிகள் அவசியம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நடத்திய தேசியப் பால் ஆய்வு இவ்வேறுபாட்டை உணர்த்தியது. 1,103 நகரங்களில் சேகரிக்கப்பட்ட 6,432 மாதிரிகளில் 12-இல் மட்டுமே உடல்நலத்துக்குக் கேடான கலப்படம் கண்டறியப்பட்டது. ஆனால், 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தது. மாட்டுத் தீவனத்தில் வளரும் பூஞ்சையே இதற்குக் காரணம்.

விரைவுச் சோதனை, சந்தேகத்துக்குரிய மாதிரிகளைப் பிரித்தெடுக்கப் பெரிதும் உதவுகிறது. எனினும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-இன் கீழ் நடவடிக்கை எடுக்க, உணவுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை தேவை. மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் அவர் அறிக்கை அளிக்க வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு.

இச்சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, நுகர்வோரும் கட்டணம் செலுத்தித் தாம் வாங்கிய உணவைப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். வாங்கும்போதே இதை விற்பனையாளரிடம் தெரிவிப்பது கட்டாயம். விதிமீறல் உறுதியானால், செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படும்.