இதயமும் இரத்த ஓட்டமும்

மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்ப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். விரலின் அடியில் துடிப்பது எது என்று வினவினால், இதயம் செலுத்தும் இரத்தமே என்று இன்று பள்ளி மாணவரும் விடை கூறிவிடுவர். ஆயினும், அந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்னும் எளிய வினாவுக்குச் சரியான விடை காண மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. முதலில் இதயத்தின் அமைப்பை அறிந்துகொண்டு, பின்னர் அவ்விடை கிடைத்த வரலாற்றைக் காண்போம்.

இதயம் மார்பின் நடுவே, இரு நுரையீரல்களுக்கும் இடையில், முனை இடப்புறம் சாய்ந்த நிலையில் அமைந்திருக்கிறது. ஏறத்தாழ அவரவர் மூடிய கையளவு இருக்கும். வளர்ந்த மனிதரிடத்தில் அதன் எடை சுமார் 300 கிராம். தசையாலான இந்தப் பையை நடுவில் ஒரு சுவர் வலம், இடம் என இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் மேலறை ஒன்றும் கீழறை ஒன்றும் உள்ளன. மேலறை இரத்தத்தை வாங்கிக்கொள்ளும். கீழறை அதை வெளியே தள்ளும். அறைகளுக்கு இடையிலும், கீழறைகளிலிருந்து புறப்படும் குழாய்களின் வாயிலிலும் ஆக நான்கு வால்வுகள் இருக்கின்றன. இவை ஒரு புறமாக மட்டுமே திறக்கும் கதவுகள். மருத்துவர் காதில் விழும் ‘லப், டப்’ என்னும் ஓசை, இக்கதவுகள் மூடிக்கொள்ளும்போது எழுவதே.

உடலெங்கும் சுற்றிப் பிராணவாயுவைக் கொடுத்து, கரியமில வாயுவை ஏற்று வரும் இரத்தம் வலது மேலறையை அடைகிறது. அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே கரியமில வாயுவை நீக்கிப் பிராணவாயுவைப் பெற்று, இடது மேலறைக்குத் திரும்புகிறது. பிறகு இடது கீழறை அதைப் பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. வலது கீழறை அண்டை வீட்டுக்கு அனுப்புவது போல அருகிலுள்ள நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். இடது கீழறையோ உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்பியாக வேண்டும். ஆதலால் அதன் சுவர் மிகத் தடித்திருக்கிறது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்கள் தமனிகள். இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் மருத்துவ மேதை, உணவிலிருந்து கல்லீரல் இடைவிடாது இரத்தத்தை உண்டாக்குகிறது என்றும், உறுப்புகள் அதை உட்கொண்டு தீர்த்துவிடுகின்றன என்றும் போதித்தார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்றும் கூறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் பணியாற்றிய இப்னு அல் நஃபீஸ் அத்துளைகளை மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என எழுதினார். எனினும் ஐரோப்பாவில் காலெனின் கொள்கையே ஏறத்தாழ 1400 ஆண்டுகள் ஆட்சி புரிந்தது.

அதை வீழ்த்தியவர் 1578இல் இங்கிலாந்தில் பிறந்த வில்லியம் ஹார்வி. அவர் கைக்கொண்ட ஆயுதம் எளிய கணக்கு. இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்சு இரத்தம் வெளியேற்றுவதாக வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் அது ஆயிரம் முறை துடிக்கிறது. அப்படியானால் 500 அவுன்சு, அதாவது பதினான்கு கிலோவுக்கு மேற்பட்ட இரத்தம் வெளியேற வேண்டும். உடலில் உள்ள மொத்த இரத்தமோ சுமார் ஐந்து லிட்டர்தான்! அரை மணிக்கு ஒரு முறை இவ்வளவு இரத்தத்தை எந்த உணவால் உண்டாக்க இயலும்? ஆகவே புறப்பட்ட இரத்தமே திரும்பி வந்தாக வேண்டும் என்பது அவர் முடிவு.

கணக்கோடு அவர் நிற்கவில்லை; கண்ணாலும் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்துத் தெரியும் ஒரு சிரையை மணிக்கட்டின் பக்கம் ஒரு விரலால் அழுத்துங்கள். மற்றொரு விரலால் அதை முழங்கையை நோக்கி நீவி விடுங்கள். நீவிய பகுதி வற்றிவிடும். மேலே உள்ள இரத்தம் அங்கிருக்கும் வால்வைத் தாண்டிக் கீழே வராது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து இரத்தம் பாய்ந்து நிரம்பும். சிரையில் இரத்தம் இதயத்தை நோக்கியே செல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஹார்விக்குப் பதுவா நகரில் ஆசிரியராக இருந்த பாப்ரிசியஸ் இவ்வால்வுகளை நன்கு அறிந்தவர்தாம். ஆனால் அவற்றின் பயனை அவர் உணரவில்லை.

1628இல் ஹார்வியின் நூல் வெளிவந்தது. பாரிஸ் நகரப் பேராசிரியர் ரியோலான் முதலியோர் அதை எதிர்த்தனர். அவரிடம் வரும் நோயாளிகள் கூடக் குறைந்தனர் என்று அவரை அறிந்த ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். ஒரு குறையும் இருக்கவே செய்தது: தமனியின் முடிவிலிருந்து சிரையின் தொடக்கத்துக்கு இரத்தம் எவ்வாறு செல்கிறது என்பதை ஹார்வியால் காட்ட இயலவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளைக் கண்டார். அறுந்திருந்த வட்டம் இணைந்தது.

அளவிட அறிந்த இன்று, ஹார்வி தம் கணக்கில் மிகக் குறைவாகவே கொண்டார் என்பது தெரிகிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் செலுத்துகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு எனில் ஐந்து லிட்டர். அதாவது உடலின் இரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்புகள்! இவ்வளவு உழைக்கும் இதயம் தன் அறைகளில் நிறைந்துள்ள இரத்தத்தால் மட்டும் பிழைப்பதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து கிளைக்கும் இரு தமனிகளே அதன் தசைக்கு உணவூட்டுகின்றன. அவை அடைபடுவதே மாரடைப்பு. புகை பிடித்தலை விலக்குவதும், நாள்தோறும் உடற்பயிற்சி செய்வதும் அக்குழாய்களைக் காக்கும் வழிகள்.

பழைய நூல் கூறுகிறது என்பதற்காக ஒன்றை ஏற்காமல், எண்ணிப் பார்த்தும் தொட்டுப் பார்த்தும் தெளிந்தார் ஹார்வி. கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்க வழி அது.